இறக்குமதியாகும் தாய் இறாலும் இழப்பைச் சுமக்கும் கூலி மக்களும்

2024ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோன ஓர் அறிவிப்பு இருந்தது. வெளிநாட்டிலிருந்து உயிருடன் கொண்டுவரப்படும் தாய் இறால்களில் சில வகைகளுக்கும், அவற்றுக்கு இரையாக இடப்படும் பாலிகீட் புழுக்களுக்கும், இறால் மற்றும் மீன் தீவனத்துக்கும் சுங்க வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்படும் என்பதே அது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் திருத்தப்பட்டு, பதிவு பெறாமல் இறால் பண்ணை நடத்துவோருக்கு விதிக்கப்படக்கூடிய மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனை நீக்கப்பட்டிருந்தது. ஒருபுறம் உயிருள்ள நீர்வாழ் உயிரினங்களின் வரவுக்கு வழி எளிதாகிறது; மறுபுறம் விதியை மீறுவோர் மீதான பிடி தளர்கிறது.

இந்த முடிவுகளுக்குப் பின்னால் உள்ள பணம் சிறிதன்று. 2023–24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு சுமார் 60,500 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டுமே சுமார் 40,000 கோடி ரூபாய். இந்த வணிகத்தின் பெரும்பகுதி நம் கடலில் பிறவாத ஓர் உயிரினத்தைச் சார்ந்தது. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி இறால்தான் அது. அதன் தாய் இறால்கள் விமானத்தில் வந்து இறங்குகின்றன. அவற்றோடு நோய்க்கிருமிகளும் வந்து இறங்கக்கூடும் என்பதால் தனிமைப்படுத்தல், பரிசோதனை, உரிமம் என்று ஒரு பெரிய ஏற்பாடு இயங்குகிறது.

அந்த ஏற்பாடு தேவையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. நோய் நுழைந்தால் பண்ணை உரிமையாளருக்கு என்ன இழப்பு, ஏற்றுமதிக்கு என்ன இழப்பு என்று கணக்கிடும் சட்டம், குளமோ நிலமோ இல்லாமல் அந்தத் தொழிலின் விளிம்பில் உழைத்து வாழும் தலித், இருளர் மக்களுக்கு என்ன இழப்பு என்று எப்போதாவது கேட்டிருக்கிறதா? நோய் இடர் மேலாண்மை என்ற சொல்லில் வரும் ‘இடர்’ யாருடையது?

காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை இறாலோடு சேர்த்துப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால், இந்தியாவின் இறால் இறக்குமதி வரலாற்றில் முக்கியமான இடங்கள் பலவும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவையே. வனாமி தாய் இறால்களைத் தனிமைப்படுத்திப் பரிசோதிப்பதற்காக 2009இல் நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தல் மையம் தொடங்கப்பட்ட நீலாங்கரை, அப்போது இம்மாவட்டத்தின் ஊர். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் உள்ள முட்டுக்காடும் இம்மாவட்டத்தில்தான் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரை இறால் குஞ்சு பொரிப்பகங்கள் உள்ளன.

மாவட்ட எல்லை மாறியதால் மக்கள் மாறிவிடவில்லை. பொரிப்பகங்களிலும் பண்ணைகளிலும் தொட்டி கழுவுவோர், சேறு அள்ளுவோர், இரவுக் காவல் இருப்போர், அறுவடை நாளில் வலை இழுப்போர் ஆகியோரில் கணிசமானோர் சேரிகளிலிருந்து செல்லும் கூலித் தொழிலாளர். உப்பங்கழியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்ப்போர் அட்டவணைப் பழங்குடியினரான இருளர். இந்த இரு தரப்பினரும் இறக்குமதி உரிமம் கோரி விண்ணப்பிப்பதில்லை. இடர் மதிப்பீட்டுக் கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதுமில்லை.

1994 கற்பித்த பாடம்

உயிருள்ள இறாலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு செல்வதில் என்ன ஆபத்து என்பதை ஆசியா பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1992ஆம் ஆண்டையொட்டிக் கிழக்காசியாவில் வெள்ளைப் புள்ளி நோய் தலைகாட்டியது. 1993இல் சீனாவிலிருந்து வாங்கிய இறால் குஞ்சுகளோடு அது ஜப்பானுக்குள் நுழைந்தது. 1994–95இல் இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் ஆந்திர, தமிழகப் பண்ணைகளைத் தாக்கியது. வெளிநாட்டிலிருந்து உரிய சோதனையின்றி வந்த உயிருள்ள இறால்களின் வழியாகவே இது வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. நோய் கண்ட குளத்தில் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ அனைத்து இறால்களும் மடிந்துவிடும். கருப்பு வரி இறாலை நம்பி அன்று எழுந்த ‘நீலப் புரட்சி’ சில பருவங்களிலேயே சரிந்தது.

அந்த வைரசு குளத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். நண்டும் காட்டு இறாலும் அதைச் சுமக்கக்கூடியவை. குளத்து நீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் கிருமி கழிமுகத்தைச் சேரும். ஒரு முறை நுழைந்த நோயைத் திருப்பி அனுப்ப விமானம் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வெள்ளைப் புள்ளி நோய் நம் கடற்கரையில் நிலைத்திருக்கிறது.

இந்த அனுபவத்தின் பின்னணியில்தான் வனாமியின் வரவுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2003இல் சோதனை அளவில் அனுமதி வழங்கப்பட்டு, இடர் ஆய்வுக்குப் பின் 2009இல் பரவலான அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்றவை என்று சான்றளிக்கப்பட்ட தாய் இறால்களை மட்டுமே, அனுமதி பெற்ற நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அவை நீலாங்கரை மையத்தில் தனித்தனி அறைகளில் வைத்துப் பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் கண்டறியப்பட்ட தொகுதி அழிக்கப்பட வேண்டும். வனாமி வளர்க்கும் பண்ணை சிறிதோ பெரிதோ, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பும் நண்டு வேலியும் பறவைத் தடுப்பும் கொண்டிருக்க வேண்டும். 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டமும் அதன் 2001 திருத்தமும் இதற்கான சட்ட அடித்தளத்தை அளிக்கின்றன.

சோதனைக்குத் தப்பியவை

‘குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்றது’ என்ற சான்றிதழை ‘நோயே அற்றது’ என்று பலர் பொருள் கொள்கின்றனர். இது தவறு. பட்டியலில் உள்ள கிருமிகளுக்காக மட்டுமே சோதனை நடக்கிறது. பட்டியலில் இல்லாத கிருமியை எவரும் தேடுவதில்லை. ஈ.எச்.பி. என்று தொழிலில் அழைக்கப்படும் நுண்ணுயிரி இதற்குச் சான்று. 2009இல் தாய்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இக்கிருமி, அடுத்த சில ஆண்டுகளுக்குள் இந்தியப் பண்ணைகளிலும் பரவிவிட்டது. அது இறாலைக் கொல்வதில்லை, வளர்ச்சியை முடக்குகிறது. தீவனம் தின்றும் இறால் பருக்காது. குளத்துச் சேற்றில் தங்கும் அதன் வித்துகளை வழக்கமான அளவு குளோரின் அழிப்பதில்லை.

இரண்டாவது ஓட்டை உயிருள்ள இரை. தாய் இறால் முட்டையிடுவதற்குப் பாலிகீட் புழுக்களை உயிருடன் தீனியாகக் கொடுப்பது பொரிப்பகங்களின் வழக்கம். சேற்றில் வாழும் இப்புழுக்கள் வெள்ளைப் புள்ளி வைரசையும் ஈ.எச்.பி.யையும் சுமக்கக்கூடும். தாய் இறாலை எத்தனை நாள் தனிமைப்படுத்தினாலும், அதற்குப் பிறகு ஊட்டப்படும் புழு சோதிக்கப்படாவிட்டால் அந்தத் தனிமைப்படுத்தலின் பயன் என்ன? 2024 நிதிநிலை அறிக்கை புழுவுக்கான வரியைக் குறைத்தபோது, புழுவுக்கான சோதனை எவ்வாறு வலுப்படுத்தப்படும் என்பதையும் மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்து வாசகருக்கு இதை விளக்க இன்னும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஈ.எச்.பி. எந்த வகை நுண்ணுயிரியோ, பட்டுப்புழுவைத் தாக்கும் பெப்ரின் நோயின் கிருமியும் அதே வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெப்ரின் பிரான்சின் பட்டுத் தொழிலை அழித்தது. மாற்று முட்டைகள் ஜப்பானிலிருந்துகூடத் தருவிக்கப்பட்டன. 1865 முதல் அதை ஆராய்ந்த லூயி பாஸ்டர் கண்ட வழி எளியது: முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, அதில் கிருமி இருந்தால் அது இட்ட முட்டைகளை எரிப்பது. நம் பட்டு வளர்ப்போர் ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்று வாங்குவது இந்த முறையில் வந்ததே. 2006இல் மத்தியப் பட்டு வாரியச் சட்டத்தைத் திருத்தி, பட்டுப்புழு விதை உற்பத்தியையே சட்ட ஒழுங்குக்குள் கொண்டுவந்தனர். நாட்டின் எல்லையில் ஒரு முறை சோதித்து நிறைவடைவதைக் காட்டிலும், ஒவ்வொரு தலைமுறைத் தாயையும் சோதிப்பதே பயன் தரும் என்பது இங்கே கிடைக்கும் பாடம். இறால் தொழிலில் அந்தத் தொடர் சோதனை ஆய்வகக் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கே எட்டுகிறது.

நோய் வந்தால் யாருக்கு எது நேர்கிறது

ஒரு குளத்தில் நோய் கண்டதும் முதலில் நடப்பது அவசர அறுவடை, அல்லது குளத்தையே மூடி நீரில் பிளீச்சிங் பவுடர் கலப்பது. இந்த இரண்டு வேலைகளையும் செய்வோர் கூலித் தொழிலாளரே. கையுறையும் முகக்கவசமும் இன்றிப் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து நீரில் தூவும் வேலையைப் பண்ணை உரிமையாளர் செய்வதில்லை. வேலை முடிந்ததும் குளம் காய்ச்சலுக்கு விடப்படுகிறது. அடுத்த பருவம் வரை வேலை இல்லை. உரிமையாளருக்கு இழப்பு பெரிதுதான். கடன்பட்ட சிறு விவசாயி நொடித்தும் போகிறார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவருடைய இழப்புக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு, இப்போது காப்பீடும் உண்டு. கூலியின் இழப்புக்கு இவற்றில் எதுவுமே இல்லை.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் மத்ஸ்ய கிசான் சம்ரிதி சகயோஜனா இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 6,000 கோடி ரூபாய் மதிப்பிலான அத்திட்டத்தில், 4 ஹெக்டேர் வரையிலான பண்ணைகள் காப்பீடு எடுத்தால் தவணைத் தொகையில் 40 விழுக்காடு, ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் என்ற வரம்புக்கு உட்பட்டு ஊக்கத்தொகையாக வழங்கப்படும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்குக் கூடுதலாக 10 விழுக்காடு. படிக்கும்போது சமூக நீதி போலத் தோன்றுகிறது. ஆனால், காப்பீடு செய்யப்படுவது குளத்துப் பயிர். குளம் இல்லாதவருக்குக் கூடுதல் 10 விழுக்காடு என்பது சுழியத்தின் மீது கணக்கிடப்படும் சலுகை. நோயினால் வேலை இழக்கும் நாட்களுக்கான கூலியைக் காப்பீடு செய்ய அத்திட்டத்தில் இடமில்லை.

இருளர்களின் நிலை இன்னும் கடினமானது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் அவர்கள் இறால் பிடிக்கும் கழியில்தான் கலக்கிறது. கழியில் இறால் குறைந்தால், அது நோயாலா, கழிவாலா, முகத்துவாரம் மணல்மூடியதாலா என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது. பாதுகாப்பின் பெயரால் போடப்படும் வேலி, பல இடங்களில் அவர்கள் கழிக்குச் செல்லும் நடைபாதையையும் சேர்த்து அடைக்கிறது. ‘நோய் வந்த இறால்’ என்ற பேச்சு பரவினால், சந்தையில் முதலில் விலை வீழ்வது பறியில் வந்த இறாலுக்கு. வெள்ளைப் புள்ளி வைரசு மனிதரைத் தாக்குவதில்லை என்ற எளிய உண்மையைத் தமிழில் ஊர் ஊராகச் சொல்வதற்குக்கூட உரிய ஏற்பாடு இல்லை.

குளமில்லாதவரும் நோயின் விலையைக் கொடுக்கிறார் என்பது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. 2016 இறுதியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் வெள்ளைப் புள்ளி நோய் கண்டறியப்பட்டது. 2017 ஜனவரியில் அந்நாடு சமைக்காத இறாலின் இறக்குமதியையே நிறுத்திவைத்தது. நோய் பரவாதிருக்க, மோர்ட்டன் வளைகுடாப் பகுதியிலிருந்து சமைக்காத இறாலையும் தூண்டில் புழுக்களையும் வெளியே கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. பண்ணையோடு தொடர்பில்லாத மீனவர்களும் அந்தத் தடையால் பாதிக்கப்பட்டனர். வலுவான உயிரியல் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வகங்களும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், பதிவேட்டில் பெயரே இல்லாத நம் கழிமுகத் தொழிலாளரின் நிலை எத்தகையது?

நீதிமன்றம் கொடுத்ததும் சட்டம் எடுத்ததும்

கூலி மக்களின் இழப்பை இந்தியச் சட்டம் ஒரே ஒரு முறை கண்கொண்டு பார்த்தது. நாகப்பட்டினம் கடற்கரையில் நெல் விளைந்த நிலங்கள் இறால் குளங்களாக மாறி, குடிநீர் உப்பாகி, நிலமற்ற தலித் மக்கள் நடவும் அறுப்பும் இழந்தபோது, அவர்களோடு நின்றவர்கள் கிருஷ்ணம்மாளும் எஸ். ஜெகந்நாதனும். நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தர 1981இல் ‘லாஃப்டி’யைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஜெகந்நாதன் 1994இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சகீர் அகமது ஆகியோர் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தனர். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் குளங்களை அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், சதுப்பு நிலம், கிராமப் பொதுநிலம் ஆகியவற்றைக் குளமாக்கக் கூடாது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம்.

அதில் இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியோருக்குத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 25-எஃப் பிரிவுப்படியான இழப்பீட்டோடு, கூடுதலாக ஆறு ஆண்டு ஊதியமும் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 25-எஃப் பிரிவு அன்று அளித்தது, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் மட்டுமே. அதோடு ஒப்பிட்டால் ஆறு ஆண்டு ஊதியம் என்பது எவ்வளவு பெரிய அங்கீகாரம் என்பது விளங்கும். ஓராண்டு தொடர் பணி என்ற நிபந்தனை நாட்கூலியினரை வெளியே நிறுத்தியது என்ற குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். இருப்பினும், இறால் தொழிலின் ஆபத்தைப் பேசும்போது கூலிக்கும் ஒரு பங்கு உண்டு என்ற கொள்கை அங்கே நிறுவப்பட்டது.

தீர்ப்பின் செயலாக்கம் மறுஆய்வு மனுக்களில் சிக்கி நின்றது. பின்னர் வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது என்று 1991 பிப்ரவரி 19 முதலே, அதாவது பின்னோக்கிய தேதியிலிருந்து, அறிவித்தது. அந்தத் தடையின் பேரில் மூட வேண்டியிருந்த பண்ணை மூடப்படாவிட்டால் மூடல் இழப்பீடும் இல்லை. உரிமையாளரின் முதலீட்டைக் காப்பாற்றிய சட்டம், தொழிலாளிக்கு நீதிமன்றம் காட்டிய வழியைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. 2023 திருத்தம் ‘உயிரியல் பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு வரையறை கொடுத்தது. அந்தப் பாதுகாப்பைக் கையால் செய்து முடிக்கும் தொழிலாளிக்கு அதில் பங்கில்லை.

நிலம் இருந்திருந்தால்

குளம் ஏன் எப்போதும் வேறொருவருடையதாக இருக்கிறது என்ற கேள்வியை விலக்கிவிட்டு நோய் இடரைப் பேச முடியாது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாகவே, ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை 1892இல் வந்தது. அந்த நிலங்கள் எவ்வாறு கைமாறின என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புதிதன்று. 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். வெள்ளைப் புள்ளி நோய் நம் கடற்கரையைத் தொட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், நிலம் பறிபோனவரே நிலத்தின் மீது நடக்கும் தொழிலின் ஆபத்தைக் கூலியாகச் சுமக்கிறார் என்பதை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, தகவல். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(சி) பொதுமக்களைப் பாதிக்கும் கொள்கைகளை வகுக்கும்போது அதற்கான உண்மைகளை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பிரிவு 4(4) உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. எத்தனை தொகுதி தாய் இறால்கள் வந்தன, எவற்றில் எந்த நோய் கண்டறியப்பட்டது, எத்தனை அழிக்கப்பட்டன, இறக்குமதியான புழுக்கள் எங்கே சோதிக்கப்பட்டன என்ற விவரங்களைத் தமிழில் வெளியிடக் கோருவோம். வணிக இரகசியம் என்று பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுத்தால், பெரும் பொதுநலன் இருக்குமிடத்தில் அந்த விலக்கு நில்லாது என்பது அதே பிரிவில் உள்ளது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி இது.

இரண்டாவது, பங்கேற்பு. இறக்குமதி இடர் ஆய்வில் இப்போது உயிரியல் உண்டு, வணிகம் உண்டு. வாழ்வாதாரம் என்ற பத்தி இல்லை. உப்பங்கழியில் பிழைக்கும் இருளர், பண்ணைக் கூலிகள் ஆகியோரின் பிரதிநிதிகளைக் கேளாமல் புதிய இனத்துக்கோ புதிய நாட்டிலிருந்து வரும் சரக்குக்கோ அனுமதி தரக் கூடாது. வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை இங்கே நாம் முன்வைக்க முடியும்.

மூன்றாவது, கூலிக்கான ஈடு. நோயின் காரணமாகக் குளம் மூடப்படும் நாட்களுக்கு, அங்கு பணிபுரிந்தோருக்குக் கூலி வழங்கும் நிதியம் வேண்டும். தாய் இறால் இறக்குமதியின் மீதான கட்டணத்திலிருந்து ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். நாட்கூலியினரும் அதில் அடங்க, ஒவ்வொரு பண்ணையும் தொழிலாளர் பதிவேடு வைத்திருப்பதைப் பதிவுக்கான நிபந்தனையாக்க வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கார்ப்பரேட் அக்கவுண்டபிலிட்டி லேப் வெளியிட்ட அறிக்கைக்குப் பின், இந்திய இறால் தொழிலின் உழைப்பு நிலைமைகள் வாங்கும் நாடுகளிலும் கேள்விக்குள்ளாகியுள்ளன. ஏற்றுமதியைக் காக்க வேண்டும் என்போருக்கும் இந்தப் பதிவேடு பயன்படும்.

நான்காவது, வழக்கு. நோய் கண்ட குளத்து நீரைச் சுத்திகரிக்காமல் கழியில் திறந்துவிட்டால், நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் வழியாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுகளுக்குள் இழப்பீடு கோர முடியும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைப் பிறர் கெடுத்து அதன் பயன்பாட்டுத் தகுதியைக் குறைப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எக்ஸ்) பிரிவில் குற்றம். நீரின் மீது அவர்களுக்குள்ள உரிமையைத் தடுப்பது 3(1)(ஜி) பிரிவில் குற்றம். இப்பிரிவுகளில் குற்றத்தை மெய்ப்பிப்பது எளிதன்று. ஆகவே, கழிவு திறக்கப்படும் நாள், நேரம், இடம், நீர் மாதிரி, வேலி போட்ட பின் மறைந்த பாதை ஆகியவற்றை இன்றே பதிவு செய்யும் பழக்கம் வேண்டும். நீதிமன்றத்தில் நம்மைக் காப்பது அந்தக் குறிப்பேடுதான்.

ஐந்தாவது, தொற்றுக்கும் தீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். பண்ணை வாயிலில் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைப்பது அறிவியல். அது உரிமையாளருக்கும் அதிகாரிக்கும் கூலிக்கும் ஒரே விதியாக இருக்கும் வரை. உரிமையாளரின் கார் நேரே உள்ளே போக, சேரியிலிருந்து வந்தவர் மட்டும் சோதிக்கப்படுவாரானால், அங்கே நடப்பது நோய்த் தடுப்பன்று. வைரசுக்குச் சாதி தெரியாது. விதியை நடைமுறைப்படுத்துவோருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது.

தாய் இறாலுக்குத் தனி அறை, சுத்திகரித்த நீர், சான்றிதழ், காப்பீடு எல்லாம் இருக்கட்டும். நோயை எல்லையிலேயே நிறுத்துவது கூலிக்கும் நல்லது. நாம் அந்தச் சோதனை இன்னும் கடுமையாக வேண்டும் என்றே கேட்கிறோம். அதோடு, நிறுத்த முடியாமல் நோய் உள்ளே வரும் நாளில், குளத்தில் இறங்கிச் செத்த இறாலை வாரி எடுக்கும் கைகளுக்குரியவரின் பெயரும் இழப்புக் கணக்கில் எழுதப்பட வேண்டும். அதற்கான முன்னுதாரணம் 1996 தீர்ப்பில் இருக்கிறது. அடுத்த இடர் ஆய்வு மேசைக்கு வரும்போது அதை எடுத்து வைப்பது நம் பொறுப்பு.